அரைஞாண் காந்தமும் பெரியண்ணன் கம்பியும்

சூட்டை அளந்து பிழைக்கிறவனுக்குத் தன் அடுப்பைவிட எதிர்வீட்டு அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதிலேயே கண் இருக்கும். எங்கள் சரக்கு ரொம்பச் சின்னது. வேறு வேறு உலோகத்தில் இரண்டு கம்பி எடுத்து, ஒரு முனையைச் சேர்த்துப் பற்றவைத்து, அதை உலைக்குள் விட்டால், வெளியே நிற்கிற முனைகளில் துளி மின்சாரம் எட்டிப் பார்க்கும். உலை சூடேற ஏற அதுவும் ஏறும். மீட்டர் அதைப் படித்துச் சூட்டைச் சொல்லிவிடும். இதற்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். எங்கள் பக்கம் ‘கப்புள்’ என்றால் போதும். என் கடைப் பலகையில் ‘கப்புள் ஒர்க்ஸ்’ என்று பார்த்துவிட்டு ஜாதகத்தோடு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் இரண்டு கம்பி முறுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறார்களாம்.

புதுச்சத்திரத்தில், சேலம்–நாமக்கல் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை. அந்தப் பக்கம், நேர் எதிரே, பெரியண்ணன் கடை. அவனுக்கும் இதே தொழில். பஸ் நிற்பது அவன் பக்கம், வேப்பமர நிழல் அவன் பக்கம், டீக்கடையும் அவன் பக்கம். என் பெயர் நல்லதம்பி. வயதில் நான்தான் மூத்தவன். ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் அவன் அண்ணன், நான் தம்பி. தொட்டிலில் கிடந்தபோதே என்னை முந்திவிட்டான். போதாததற்குத் தலைக்குச் சாயம் பூசுகிறான். காக்கைகள் சொந்தக்காரன் என்று நினைத்து அவன் தலைக்கு மேல் வட்டம் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு பெரியண்ணன் இருப்பான். எதிர்க்கடையில் இல்லாவிட்டால் பக்கத்து மேசையில். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இந்த வயதில் நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருள். அது ஒரு வெள்ளைக் கோட்டு. அந்த ஆசைக்குக் குறுக்கே அவன் எப்படி வந்து நின்றான் என்பதுதான் கதை.

எழுந்து வந்த நாற்காலி

எங்கள் சோற்றில் பாதி ‘கே டைப்பு’ என்கிற ரகத்தில் வருகிறது. அதன் இரண்டு கம்பிகளும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். எது ப்ளஸ், எது மைனஸ் என்று சட்டென்று தெரிய எங்களுக்கு ஒரு கைவழக்கம் உண்டு. காந்தத்தைக் காட்ட வேண்டும். ஒட்டினால் மைனஸ். அதற்காகப் பெரியண்ணன் பேனா மாதிரி ஒரு காந்தம் வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டான். வாடிக்கைக்காரர்கள் அவனை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்ட ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த வட்டக் காந்தத்தை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவன் காந்தம் குண்டூசி தூக்கும். நான் ரோட்டோரமாக நடந்தால் லாரிகள் லேசாக என் பக்கம் சாயும். டிரைவர்களைக் கேட்டால் மறுப்பார்கள். ஸ்டியரிங் மேல் பழியைப் போடுவார்கள்.

சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். பெரியண்ணனை மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார். எனக்குக் கடைசி வரிசையில் ஒரு இரும்பு மடக்கு நாற்காலி. சரி, மேடையிலாவது அவனுக்கு முன்னால் ஏறிவிடலாம் என்று வேகமாக எழுந்து நடந்தேன். மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பு. நம்மைப் பார்த்து ஊர் இவ்வளவு சந்தோஷப்படுகிறதே என்று நானும் கும்பிட்டுக்கொண்டே போனேன். மேடைப் படியில் கால் வைத்தபோதுதான் பின்னால் ‘கடக்’ என்று சத்தம். நாற்காலி என்னை விடவில்லை, என் இடுப்போடு நடந்து வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து சொன்னார்:

“ஏனுங்க தம்பி, நீங்க மட்டும் ஆசீர்வாதம் பண்ணுனாப் போதுமுங்க, சேரு கீழயே இருக்கட்டும்.”

பந்தியும் எலக்ட்ரானும்

ராசிபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற ஒரு பேராசிரியை அம்மா. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். என் மகள் வயதுகூட இருக்காது. நிக்கல் கம்பி தேடி வந்தார். காந்த உலோகங்களில் சூடு எப்படி மின்சாரமாகிறது என்று ஆராய்கிறாராம். ஆய்வுக்கூடத்துக்கு வாரம் ஒரு நாள் வந்து, மாதிரித் துண்டுகளில் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்துத் தர ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும் என்றார். வருகிறவருக்கு வெள்ளைக் கோட்டு உண்டு. அதன் நெஞ்சில் நூலால் பெயர் தைத்திருக்கும். நான் அந்த நிமிஷமே மனதுக்குள் கைகளை நுழைத்துப் பட்டன் போட்டுக்கொண்டேன். அம்மா காரில் ஏறும்போது எதிர்க்கடையையும் பார்த்தார். “அங்கேயும் கேட்டுடறேன் தாத்தா” என்றார். என்னைத்தான் தாத்தா என்றார். ரோட்டைத் தாண்டியதும் அவனை அழைத்தது என் காதில் விழுந்தது. “மாஸ்டர்!”

ஆராய்ச்சியைப் பற்றி அம்மா சொன்னதை நான் ஒரு ராத்தூக்கம் போட்டுச் செரித்துவிட்டேன். மறுநாள் டீக்கடையில் எல்லாருக்கும் விளக்கினேன். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியோடு ஓடுகிறவன்தான் எலக்ட்ரான். சூடான முனை சமையல்கட்டு. அங்கிருந்து புறப்பட்டுக் குளிர்ந்த முனைக்கு ஓடுகிறான். செம்புக் கம்பியில் அவனுக்கு ஆடுகிற பந்திப் பெஞ்சுகளால் மட்டும்தான் தொந்தரவு. நிக்கலில், இரும்பில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், சாப்பிட உட்கார்ந்த ஆள் மாதிரி. எல்லாரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்வரை வாளிக்காரன் சுலபமாக ஓடுவான். சூடு ஏற ஏற ஆட்கள் நெளிவார்கள், திரும்புவார்கள், பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பார்கள். வாளிக்காரன் மோதுவான். ஒரு குறிப்பிட்ட சூட்டில் பந்தியே கலைந்து எழுந்துவிடும். வேகமாக ஓடுகிறவன் மோதுவதும் மெதுவாகப் போகிறவன் மோதுவதும் ஒன்றல்ல. சாம்பார் யாருக்கு எவ்வளவு போய்ச் சேரும், எங்கே சிந்தும் என்பது அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் அம்மா தேடுகிறார். பந்தி கலைகிற சூட்டில் அவர் கம்ப்யூட்டரில் வரைகிற கோடு வளைகிறதாம்.

டீக்கடையில் கைதட்டாத குறை. பெரியண்ணன் மட்டும் வடையைப் பிட்டபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுத்த முறை அம்மாவின் கார் முதலில் அவன் கடையில் நின்றது. உள்ளே ஒரே சிரிப்பு. பிறகு ரோட்டைத் தாண்டி, முகமெல்லாம் மலர்ந்து என்னிடம் வந்தார்:

“தாத்தா, மாஸ்டர் ஒரு அருமையான உதாரணம் சொன்னார், பந்தியை வச்சு. உங்களுக்கும் புரியற மாதிரி சொல்லட்டுமா?”

மயக்கம் போட்ட கம்பி

திருச்செங்கோட்டில், போர்க்கிணறு துளைக்கிற ரிக் வண்டிக்கான பிட்டுகளை உலையில் காய்ச்சி உரமேற்றுகிற ஒருவர். கோபக்காரர். ஒரு மத்தியானம் என் கடைக்குள் ஒரு கப்புளை வீசாத குறையாக வைத்தார். “காந்தம் ஒட்டலீங்க. ரெண்டு கம்பிலயும் ஒட்டலீங்க. டூப்ளிகேட்டு!” என்றார். உறையில் பார்த்தால் பெரியண்ணன் கடை முத்திரை. என் உள்ளம் எப்படிக் குளிர்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குச் சொந்தச் செலவில் டீ வரவழைத்தேன். “எப்பங்க பாத்தீங்க?” என்று கேட்டேன். உலையிலிருந்து இழுத்த கையோடு பார்த்தாராம்.

அந்த மைனஸ் கம்பிக்கு ஒரு குணம். கொதிக்கிற தண்ணீரைவிட இன்னும் கொஞ்சம் சூடேறினாலே அதன் பந்தி கலைந்துவிடும். காந்தத்தைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடும். ஆனால் சூட்டை அளக்கிற வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். ஆறினால் பழையபடி ஒட்டும். பொய்யே சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஆனால் தொழில் தெரிந்தவன் என்று அவர் முன்னால் காட்டிக்கொள்கிற ஆசை ஜெயித்துவிட்டது. “கம்பி மயக்கம் போட்டிருக்குங்க. இப்ப வெச்சுப் பாருங்க” என்று இடுப்பிலிருந்து காந்தத்தை எடுத்துக் காட்டினேன். டக்கென்று ஒட்டியது. அவர் கோபமெல்லாம் போய், நேரே எதிர்க்கடைக்குப் போய் இன்னொரு கட்டுக் கம்பி வாங்கினார், ‘உயிருள்ள கம்பி’ என்று. போகிறபோது என்னிடம் சொன்னது இது:

“என்ற ஊட்டுக்காரியும் இதே ரகந்தானுங்க, சூடா இருக்கறப்ப பக்கத்துல போனா ஒட்டவே மாட்டா.”

வெள்ளை ஜவ்வரிசி கறுத்த கதை

ஒரு சேகோ மில் முதலாளி. மரவள்ளி மாவை உருட்டி வறுத்து ஜவ்வரிசி ஆக்குகிறவர். நான் கப்புள் மாட்டுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தார். ‘காந்தம் ஒட்டுனா மைனஸ்’ என்பதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னையும் கூப்பிடவில்லை, பெரியண்ணனையும் கூப்பிடவில்லை. தானே மாட்டிக்கொண்டார். அதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கவில்லையே.

ஆனால் அவர் மாட்டியது ‘ஜே டைப்பு’. அதில் காந்தம் ஒட்டுவது இரும்புக் கம்பி. இரும்புதான் அதில் ப்ளஸ். கே டைப்பில் ஒட்டுகிற நிக்கல் சாதிக் கம்பியும் இந்த இரும்பும் காந்தத்துக்கு ஒரே மாதிரி ஒட்டும், சூட்டில் மட்டும் ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போகும். எலக்ட்ரான் மோதுகிற விதம் அப்படி. ஒரே பந்தி, ஆனால் வாளி வேறு கை. தலைகீழாக மாட்டியதால் வறுக்கும் தட்டு சூடேற ஏற மீட்டர் இறங்கியது. இறங்க இறங்க முதலாளி விறகைத் தள்ளச் சொன்னார். தள்ளத் தள்ள இன்னும் இறங்கியது. தட்டின் மேல் ஐஸ் கட்டிவிடும் என்று பயந்துபோய் மேலும் தள்ளியிருக்கிறார். சாயங்காலம் கைப்பிடி நிறைய எதையோ கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார்:

“உங்க காந்தத்த நம்பி ஜவ்வரிசி வறுக்கப் போனேன். இந்தாங்க, மொளகு. ரசம் வெச்சுக் குடிங்க!”

நெளிந்த கோடு

அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு பேரும் ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டும். ஒரு நிக்கல் பட்டையில் ஆளுக்கொரு முனையில் கப்புள் பற்றவைக்க வேண்டும். யார் பற்றவைப்பு அசையாமல் நிற்கிறதோ அவருக்கு வேலை. கதவுக்குப் பக்கத்து ஆணியில் வெள்ளைக் கோட்டு தொங்கியது. ஒன்றே ஒன்று. நெஞ்சுப் பக்கம் பெயர் தைக்காமல் காலியாக இருந்தது. பெரியண்ணனும் அதைத்தான் பார்த்தான். சாயம் புதிதாகப் பூசிய வாசனை எனக்கு அடித்தது. சூடான முனை அவனுக்கு, ஆறின முனை எனக்கு. இதிலும் பாருங்கள்.

பட்டையை உலைக்குள் வைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் கோடு அழகாக நகர்ந்தது. பெரியண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் முனை எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் உலைப் பக்கம் குனிந்தேன். கோடு நெளிந்தது. விலகினேன். நேரானது. மறுபடி மனசு கேட்காமல் குனிந்தேன். மறுபடி நெளிந்தது.

“அது நம்ம நல்லதம்பி முனைங்கம்மா” என்றான் பெரியண்ணன், ரொம்ப வருத்தப்படுகிற குரலில். “பாவம், வயசாச்சு. கை நடுங்குதாட்ட இருக்குதுங்க.”

கோட்டு என் கண் முன்னால் ஆணியிலிருந்து இறங்கி அவன் தோளில் ஏறுவது போல இருந்தது. “என்ற கை நடுங்குனா ஒன்ற தலையில சாயம் வழியுமாடா? நீ மொதல்ல தள்ளி நில்லு!” என்று கத்திவிட்டேன். கத்திக்கொண்டே அவன் பக்கம் பாய்ந்ததில் உலைக்கு இன்னும் கிட்டே போய்விட்டேன். கோடு துள்ளியது.

அம்மா எங்கள் சண்டையைக் கேட்கவே இல்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கதவு வரை போகச் சொன்னார், பிறகு வரச் சொன்னார். மறுபடி போகச் சொன்னார். நிக்கலை எடுத்துவிட்டுச் செம்புப் பட்டை வைத்தார். இப்போது நான் பரதநாட்டியமே ஆடினாலும் கோடு அசையவில்லை. மறுபடி நிக்கல் வைத்தார். என் வேட்டி உலைக்கு நேரே வந்ததும் கோடு நெளிந்தது. அம்மா மெதுவாகக் கேட்டார்:

“தாத்தா, கோவிச்சுக்காதீங்க, இடுப்பில என்ன கட்டியிருக்கீங்க?”

யாருக்குக் கோட்டு

காந்தத்தை அவிழ்த்து மேசையில் வைத்தேன். மேசையிலிருந்த இடுக்கி, திருகாணி, பெரியண்ணனின் பேனாக் காந்தம் எல்லாம் அதன் மேல் போய் விழுந்தன. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காந்தம் வந்தால் நிக்கலுக்குள் குட்டிக் காந்தங்கள் வேறு மாதிரி வரிசைப்படும், எலக்ட்ரான் மோதுகிற விதம் மாறும், அதனால் மின்சாரமும் மாறும் என்றார். அதைத்தான் அளக்க இருந்தாராம். “கலைஞ்ச பந்திய அதட்டி உக்கார வெச்ச மாதிரிங்கம்மா” என்றேன் நான். “அதேதான் தாத்தா! மாஸ்டர் சொன்ன உதாரணம்!” என்றார். பெரியண்ணன் ஜன்னல் வழியாக எதையோ ரசித்துக்கொண்டிருந்தான்.

கோட்டு பற்றவைக்கிறவருக்கு. அது பெரியண்ணனுக்குப் போயிற்று. அவன் பற்றவைப்பு அசையவில்லை என்பது உண்மை. என்னுடையதும் அசையவில்லை, ஆனால் என்னை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘கிட்ட வாங்க தாத்தா’ என்றால் காந்தத்தோடு உலைக்குக் கிட்டே போக வேண்டும். ‘தள்ளிப் போங்க தாத்தா’ என்றால் தள்ளிப் போக வேண்டும். கோட்டு கிடையாது. அதில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல். அதன் பட்டன்கள் இரும்பு. பெரியண்ணன் என்னைக் கடக்கும்போதெல்லாம் கோட்டு அவனை விட்டு என் பக்கம் இழுக்கும். யாரிடம் இருக்க விருப்பம் என்று துணிக்குத் தெரியாதா?

வேலை முடிந்து கிளம்பும்போது அவன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் முனகினான். நான் செருப்பு மாட்டுகிற சாக்கில் ஒட்டுக்கேட்டேன். கோட்டை உடுத்திக்கொண்டு அவன் கேட்டது இதுதான்:

“நானும் பேரம்பேத்தி எடுத்தவந்தானுங்கம்மா. அவர மட்டும் வாய் நெறய தாத்தா தாத்தாங்கறீங்க, என்ன ஒருக்காலாச்சும் அப்படிக் கூப்புட்டீங்களா?”

வெளுத்த தலை

அந்த வாரம் முழுக்க எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாடிக்கைக்காரர்கள் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் அவன் திரும்பவே இல்லை. காக்கைகள் வருவது நின்றுபோயிற்று. ஆய்வுக்கூட நாளன்று பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு வெள்ளைத் தலை உட்கார்ந்திருந்தது, நாமக்கல் முட்டையை உரித்து வைத்த மாதிரி. யாரோ பெரியவர் என்று கும்பிடப் போனேன். திரும்பினால் பெரியண்ணன். சாயத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, எனக்கு இருப்பதைவிட வெள்ளையாக, எனக்கு இருப்பதைவிட அடர்த்தியாக முடியை வைத்துக்கொண்டிருக்கிறான். தாத்தா ஆவதில்கூட என்னை முந்துகிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்குக் கப்புள் வைத்திருந்தால் மீட்டர் முள் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அம்மாவின் பார்வை படுகிற இடமாகப் பார்த்து நின்றான். அம்மா திரையிலிருந்து நிமிர்ந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று. எழுந்து வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னார்:

“என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா? உட்காருங்க, தாத்தா தண்ணி கொண்டுவருவார்.”

ஒரே மாதிரி இரண்டு கம்பியைப் பற்றவைத்தால் மின்சாரம் பிறக்காது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம், ஆனால் ஒரே மாதிரி இரண்டு கிழவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் சூடு எங்கிருந்து கிளம்புகிறது என்பதை அந்த அம்மாவின் மெஷினும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.